பூம் வாங்கைப் பாய்மரத்தில் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணக்குடிக் காயலில் பாய்ப்படகு ஓட்டிப் பழகும் பிள்ளைகள், பழைய டிங்கி ஒன்றை வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் போட்டுச் சரிசெய்பவர்கள், ஃபைபர் வள்ளத்தில் பாய் ஏற்றிப் பார்க்க ஆசைப்படும் கடற்கரைத் தம்பிமார் என்று பலருக்கும் சில வருடங்களாகக் கைவேலை செய்து கொடுத்து வருகிறேன். பாய், சுக்கான் பற்றியெல்லாம் கேட்பதைவிட பூம் வாங் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதிலும் அதைப் பாய்மரத்தில் எங்கே, எப்படி மாட்டுவது என்ற சந்தேகம்தான் எல்லோருக்கும். போனில் சொன்னதையே சொல்வதைவிட எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் மூன்று மீட்டர் முதல் ஐந்து மீட்டர் வரை நீளமுள்ள படகுகளுக்கு.

பூம் வாங்னா என்ன அண்ணே? கிக்கர்னு ஒண்ணு சொல்லுதாங்களே, அது வேறயா?

இரண்டும் ஒன்றுதான். பிரிட்டிஷ்காரர்கள் கிக்கர் என்பார்கள், அமெரிக்கர்கள் வாங் என்பார்கள். பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கழிக்குப் பெயர் பூம். அது பாய்மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு கீல் இருக்கும், கூஸ்நெக் என்று பெயர். அந்தக் கீலில் பூம் இரு பக்கமும் திரும்பும், மேலும் கீழும் அசையும். பூம் மேலே எழும்பாதபடி, அதன் அடியிலிருந்து பாய்மரத்தின் அடிக்குச் சாய்வாக இழுத்துக் கட்டும் கப்பிக் கயிறுதான் வாங்.

பிடிப்பது என்ற பொருளுள்ள டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தமிழிலும் வாங்குதல் என்பதற்கு இழுத்தல், வளைத்தல் என்ற பழைய பொருள் உண்டு. அதனால் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுப்பதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை.

எங்க தாத்தா கட்டுமரத்துல பாய் வச்சு ஓட்டுனாரு. அதுல இப்பிடி ஒரு கயிறு கெடையாதே?

தேவைப்படவில்லை. கட்டுமரத்தின் முக்கோணப் பாய், பருமல் என்ற நீண்ட கழியில் கட்டித் தொங்கும். பாயின் அடியில் கழி எதுவும் கிடையாது. பாயின் கீழ்மூலையில் கட்டிய தாமான் கயிற்றை எந்த இடத்திலிருந்து இழுக்கிறோம் என்பதை மாற்றியே பாயின் வடிவத்தைச் சரிசெய்துகொள்வார்கள். பூம் இல்லாத பாய்க்கு வாங் கிடையாது. நீங்கள் உங்கள் வள்ளத்தில் தாத்தா காலத்துப் பாயையே ஏற்றப் போகிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவர் வயதில் இருக்கும் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது.

தாமானை இறுக்கிப் பிடிச்சா பூம் கீழதான இருக்கும்? தனியா எதுக்கு இன்னொரு கயிறு?

காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறும்போது நீங்கள் சொல்வது சரி. அப்போது பூம் படகின் நடுவே இருக்கும், தாமான் அதைக் கிட்டத்தட்ட நேர்கீழாக இழுக்கும். பக்கக் காற்றிலோ பின்காற்றிலோ ஓடும்போது தாமானை விட்டுக்கொடுக்கிறோம். பூம் வெளியே போய்விடுகிறது. அந்த நிலையில் தாமான் பூமை உள்நோக்கி இழுக்குமே தவிர, கீழ்நோக்கி இழுக்க அதனால் முடியாது. காற்று பாயை உப்பவைத்ததும் பூமின் முனை மேலே எழும்பும், பாயின் பின்விளிம்பு தளரும், மேல்பாதி முறுக்கிக்கொண்டு முன்பக்கமாகத் திறந்துவிடும்.

இதனால் இரண்டு கேடு. பாயின் மேல்பாதி வேலை செய்யாது. அதைவிடப் பெரிய கேடு, நேர் பின்காற்றில் அந்த முறுக்கிய மேல்பகுதி படகைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளத் தொடங்கும். படகு இடமும் வலமுமாக ஆடி, ஆட்டம் ஒவ்வொரு தடவையும் கூடிக்கூடி, கடைசியில் கவிழ்ந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் 'பின்காத்துதானே, சொகமாப் போலாம்' என்று நினைத்து ஓடும்போது கவிழ்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த நேரத்தில் பூமைக் கீழே பிடித்திருப்பது வாங் ஒன்றுதான்.

பாய்மரத்துல எந்த உயரத்துல மாட்டணும்?

எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. பாய்மரத்தின் அடியில், தளத்துக்குச் சற்று மேலே. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பல பேர் முதலில் கப்பியை எண்ணுகிறார்கள். கீலுக்கும் கீழே மாட்டும் இடத்துக்கும் உள்ள உயரத்தை அளக்க மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பூம் 270 செ.மீ. நீளம். அதன் முனையைப் பாய் 30 கிலோ விசையோடு மேலே இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீலிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பூமில் வாங்கைக் கட்டுகிறீர்கள். பாய்மரத்தில் கீலுக்கு 60 செ.மீ. கீழே மாட்டினால் கயிறு 45 பாகைச் சாய்வில் வரும், அதில் விழும் இழுவை ஏறக்குறைய 190 கிலோ. அதே பூமில் அதே இடத்தில் கட்டி, பாய்மரத்தில் கீலுக்கு 35 செ.மீ. கீழே மட்டும் மாட்டினால் இழுவை 268 கிலோ ஆகிவிடும். காற்று மாறவில்லை, பாய் மாறவில்லை. 25 செ.மீ. உயரத்தைத் தொலைத்ததற்கு 78 கிலோ கூடுதல் சுமை, அதுவும் கயிறு, ரிவெட், கீல் எல்லாவற்றின் மேலும்.

காரணம் நெம்புகோல் விதிதான். கீலிலிருந்து வாங் கயிற்றுக்குச் செங்குத்தாக அளக்கும் தூரம்தான் உங்கள் கைக்குக் கிடைக்கும் நெம்பு. பூமில் எவ்வளவு தூரம் தள்ளிக் கட்டினாலும் அந்தத் தூரம், கீலுக்கும் கீழே மாட்டிய இடத்துக்கும் உள்ள உயரத்தைத் தாண்டவே தாண்டாது. அதனால்தான் தாழ்வாக மாட்டச் சொல்கிறேன். பூம் மிகத் தாழ்ந்திருக்கும் படகில் இந்த உயரமே கிடைக்காது. அங்கே முதலில் கீலைக் கொஞ்சம் மேலே ஏற்ற முடியுமா என்று பாருங்கள்.

சரி, பூம்ல எங்க கட்டணும்?

பூமின் நீளத்தில் கீலிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே. மேலே சொன்ன படகில் 60 செ.மீ.க்குப் பதில் 80 செ.மீ. தள்ளிக் கட்டினால் 190 கிலோ என்பது சுமார் 169 ஆகக் குறையும். அதற்கு மேல் தள்ளிப்போனால் லாபம் சுருங்கிக்கொண்டே போகும். கயிறு ஆட்கள் உட்காரும் இடத்தில் குறுக்கே வந்து தலையையும் முதுகையும் உரசும்.

பூமின் அடிப்பக்கத்தில் நடுக்கோட்டில் துளை போடாதீர்கள். வாங் கட்டிய இடத்தில்தான் பூம் அதிகம் வளையும், இழுபடுவது அடிப்பக்கம். விரிசல் அந்தத் துளையிலிருந்துதான் கிளம்பும். பூமைச் சுற்றி ஒரு பட்டையோ கயிற்று வளையமோ போட்டு, அது பின்னால் நழுவாமல் இரண்டு பக்கமும் சிறு கண் (கயிறு கோக்கும் வளையம்) ஒன்றை ரிவெட் செய்தால் போதும்.

தளத்துலயே ஒரு கொக்கி அடிச்சா சுலபம்லா? பாய்மரத்துல மாட்டணும்னு என்ன கட்டாயம்?

பூம் திரும்புவது கீலின் அச்சைச் சுற்றி. வாங்கின் கீழ்முனை அந்த அச்சுக்கு நேர் கீழே இருந்தால் பூம் எந்தப் பக்கம் போனாலும் கயிற்றின் நீளம் மாறாது. பாய்மரத்துக்கு 20 செ.மீ. பின்னால் தளத்தில் கொக்கி அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பூம் நடுவில் இருக்கும்போது கயிற்றுக்கு 72 செ.மீ. போதும். பூம் முழுதாக வெளியே போகும்போது அதற்கு 87 செ.மீ. வேண்டும். கயிறு நீளாது, ஆகவே பூம் கீழே வளைந்து இழுபடும் அல்லது வெளியே போகவே மறுக்கும். கொக்கியை பாய்மரத்துக்கு முன்னால் அடித்தால் நேர்மாறு. பூம் வெளியே போகப் போக கயிறு தொய்ந்துவிடும், வாங் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இருந்தும் இல்லாததுபோல்.

இன்னொன்று, பாய்மரம், பூம், வாங் மூன்றும் ஒரு முக்கோணம். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் வாங்கின் இழுவை அந்த முக்கோணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தளத்தில் அடித்தால் அந்த 190 கிலோவின் மேல்நோக்கிய பங்கு 6 மி.மீ. பிளைவுட்டைப் பிடுங்கப் பார்க்கும். வேறு வழியே இல்லை என்றால், பாய்மரம் உட்காரும் குழிச்சட்டத்தில், பாய்மரத்தை ஒட்டியே மாட்டுங்கள். அது ஏறக்குறைய பாய்மரத்தில் மாட்டியதற்குச் சமம்.

எத்தனை கப்பி போடணும்?

நான்கு மடங்கு தரும் கப்பி ஜோடி 190 கிலோவை 48 ஆக்கும் என்று கணக்குச் சொல்லும். கப்பியின் உராய்வையும் சேர்த்தால் கையில் 55, 60 கிலோ வரும். ஓடும் படகில் உட்கார்ந்தபடி ஒரு கையால் இழுக்க அது அதிகம். ஆறு மடங்கு போட்டால் 40 கிலோ அளவில் நிற்கும். ஏழெட்டுச் சதுர மீட்டர் பாய்க்கு நான் ஆறு மடங்குதான் போடுகிறேன். நான்கு சதுர மீட்டருக்குக் குறைந்த பாய்க்கு மூன்றோ நான்கோ போதும்.

கப்பியைக் கூட்டக் கூட்ட இழுக்க வேண்டிய கயிறும் நீளும், தளர்த்தும்போது உராய்வால் கயிறு தயங்கும். வாங்கைப் பொறுத்தவரை வேகமாகத் தளர்வதும் இறுகுவதைப் போலவே முக்கியம். கிளீட் (இழுத்த கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு) வைத்த கப்பியைக் கீழே, பாய்மரத்துப் பக்கம் மாட்டுங்கள். அங்கேதான் கை எளிதாக எட்டும்.

அலுமினியக் குழாயில ரிவெட்டா, போல்ட்டா, ஸ்க்ரூவா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.

ரிவெட் என்பதுதான் என் பதில். 4.8 மி.மீ. மோனல் (நிக்கலும் செம்பும் கலந்த உலோகம்) அல்லது ஸ்டெயின்லெஸ் பாப் ரிவெட், குறைந்தது நான்கு, முடிந்தால் ஆறு. அலுமினிய ரிவெட் வேண்டவே வேண்டாம், அது பெயர்ப்பலகை ஒட்டத்தான் லாயக்கு. மோனலையும் ஸ்டெயின்லெஸையும் சின்ன ரிவெட் கன்னால் இழுக்க முடியாது, நீளக் கைப்பிடி உள்ளதை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிவெட்டை எந்தத் திசையில் இழுக்க விடுகிறோம் என்பதுதான் உயிர்நாடி. பக்கவாட்டில் வெட்டப் பார்க்கும் விசையை ரிவெட் நன்றாகத் தாங்கும். நேராகப் பிடுங்கும் விசைக்கு அது பலவீனம். பாய்மரத்தின் பின்முகத்தில் ஒரு தட்டையான கண்ணை வைத்து இரண்டு ரிவெட் அடித்தால் வாங் அதைப் பின்னாலும் மேலுமாகப் பிடுங்கும். அதற்குப் பதில், பாய்மரத்தின் வளைவைக் கவ்வி இரண்டு பக்கமும் சுற்றி வரும் தகடாகச் செய்து, ரிவெட்டுகளைப் பக்கங்களில் அடித்தால் இழுவை பெரும்பாலும் வெட்டு விசையாக மாறிவிடும்.

நான் முதன்முதலில் ஒரு பட்டறையில் செய்து வாங்கிய தகடு தட்டையானது, அலுமினிய ரிவெட் போட்டது. ஓர் ஆனி மாத மதியம் மணக்குடிப் பொழிமுகத்துக்கு அருகில் காற்று ஏறியபோது அது மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பூம் எகிறி, என்னோடு இருந்த பையனின் காதோரமாகப் போனது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து தட்டைத் தகடு கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மரை வெட்டி மெஷின் ஸ்க்ரூ போடலாம், ஆனால் சுவர் தடிமனைப் பாருங்கள். எம்5 மரையின் இடைவெளி 0.8 மி.மீ. 2.5 மி.மீ. சுவரில் மூன்று மரைதான் பிடிக்கும். குழாயின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும் போல்ட் வலுவானதுதான், ஆனால் இறுக்கும்போது குழாய் நசுங்கும். போல்ட் நுழைந்து போகும் சிறு குழாய் (புஷ்) ஒன்றை உள்ளே வைத்து, அதன் மேல் இறுக்க வேண்டும். தகரத்துக்குப் போடும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

வெல்டிங் வச்சிட்டா இந்த வம்பே இல்லயே?

வேண்டாம். பாய்மரக் குழாய் வெப்பப் பதம் ஏற்றிய அலுமினியம். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய், சுற்றியுள்ள இடம் மெத்தென்று ஆகிவிடும். அதிகம் வளையும் இடத்திலேயே பலத்தைக் குறைத்துவிடுகிறீர்கள்.

துளை போடும்போது எதெல்லாம் கவனிக்கணும்?

முதலில் பாய்மரத்துக்கு உள்ளே கயிறு ஓடுகிறதா என்று பாருங்கள். பாய் ஏற்றும் கயிறு உள்ளே போகும் பாய்மரங்கள் உண்டு. டிரில் பிட் அதைக் குத்திவிடும், ரிவெட்டின் வால் அதைத் தினமும் அறுக்கும். கயிற்றை வெளியே உருவிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மெல்லிய நூலை விட்டுவைத்தால் பிறகு அதிலேயே கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

தகட்டை வைத்துக் குறியிட்டு, சென்டர் பஞ்சால் ஒரு தட்டுத் தட்டி, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி 4.9 மி.மீ.க்குப் பெரிதாக்குங்கள். துளைகளை ஒரே மட்டத்தில் பாய்மரத்தைச் சுற்றி வரிசையாகப் போடாதீர்கள். தபால்தலைத் தாளில் கிழிப்பதற்குத் துளையிட்டதுபோல் ஆகிவிடும். மேலும் கீழுமாக மாற்றி, இரண்டு துளைக்கு நடுவே குறைந்தது 15 மி.மீ. விட்டு அமையுங்கள். ஒரு துளை போட்டு ரிவெட் அடித்துவிட்டு அடுத்த துளைக்குப் போனால் தகடு நகராது.

துளையே போடாம மாட்ட வழி இருக்கா? பாய்மரம் பழசு, போனா வேற கெடைக்காது.

இருக்கிறது, கயிற்று வளையம். டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிற்றை 5 மி.மீ. அளவில் எடுத்துப் பாய்மரத்தைச் சுற்றி மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அதில் கப்பியைத் தொங்கவிடலாம். ஆனால் வளையத்தை வாங் கீழே இழுப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. பூமைக் கீழே இழுக்கும் அதே கயிறு பாய்மரத்தின் அடியை மேலேயும் பின்னாலும் இழுக்கிறது. ஆகவே வளையம் மேலே வழுக்கும். அதைத் தடுக்கும் கட்டை வளையத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே கட்டை வைத்துவிட்டு 'நழுவுதே' என்று வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பல பாய்மரங்களில் அடியில் ஏற்கெனவே கயிறு கட்டும் கொம்புக் கிளீட்டோ, வார்ப்பு அடிப்பகுதியோ இருக்கும். வளையத்தை அதற்குக் கீழே போட்டால் அதுவே தடை. இரண்டு தகடுகளைப் போல்ட் போட்டு இறுக்கும் கவ்வுப் பட்டையும் போடலாம். உள்ளே ரப்பர் தாள் வையுங்கள், மாதம் ஒருமுறை போல்ட்டை இறுக்கிப் பாருங்கள்.

நான் மூங்கில்தான் பாய்மரமா வச்சிருக்கேன். அதுல?

மூங்கிலைத் துளைக்காதீர்கள், பிளந்துவிடும். மேலே சொன்ன கயிற்று வளையம்தான் உங்களுக்கும். வழுக்கும் திசை மேல்நோக்கி என்பதால், வளையத்தை ஒரு கணுவுக்குக் கீழே கட்ட வேண்டும், கணுவுக்கு மேலே அல்ல. கணுவின் புடைப்பு மட்டும் போதாது. அதற்கு அடியில் இரண்டு சிறு மரக்கட்டைகளை எபாக்சியால் ஒட்டி, அவற்றின் மேல் நூலைச் சுற்றி வரிந்துவிடுங்கள்.

அயனி, தேக்கு போன்ற மரத்தில் இழைத்த பாய்மரமானால் அதே மரத்தில் கட்டை சீவி ஒட்டலாம். கயிறு மரத்தைத் தின்னாமல் இருக்க, சுற்றும் இடத்தில் தடித்த தோலை ஈரமாக வைத்து இழுத்துத் தைத்துவிடுங்கள். காய்ந்ததும் கவ்விக்கொள்ளும்.

எஸ்எஸ் துருப்பிடிக்காதுன்னு சொன்னாங்க. இப்ப தகட்டைச் சுத்தி வெள்ளையா பொடி வருது, என்ன அது?

துரு பிடித்தது எஸ்எஸ் அல்ல, உங்கள் பாய்மரம். ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறிய மின்கலம்போல் வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடி அதன் எச்சம். கடற்கரை வீடுகளில் ஜன்னல் கம்பி எத்தனை வருடம் நிற்கிறது என்று நமக்குத் தெரியும். இந்தக் காற்றில் இதை அலட்சியம் செய்தால் தகடு புதிதுபோல் இருக்கும், அதன் பின்னே பாய்மரம் ஓட்டையாகியிருக்கும்.

மருந்து எளிது. இரண்டு உலோகமும் தொடக் கூடாது. தகட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய நைலான் தகடு வையுங்கள். ஒவ்வொரு ரிவெட்டையும் டூராலாக், டெஃப்-ஜெல் போன்ற பசையில் தோய்த்து அடியுங்கள். அவை கிடைக்காவிட்டால் பாலியூரிதேன் சீலன்ட்டாவது தடவுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எஸ்எஸ்ஸிலும் ரகம் உண்டு. கேட், கைப்பிடி செய்யும் இடங்களில் விலை குறைவென்று 202 ரகம் தருவார்கள், கடலில் அது சீக்கிரமே கறை ஏறிப் புள்ளி விழும். 316 கேட்டு வாங்குங்கள், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். 304-ஐயும் 316-ஐயும் காந்தம் வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே காந்தத்தைக் காட்டி 'இது 316' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

லேசர் படகுல பாய்மரமே சுத்துதே, அதுல எப்பிடி?

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டினாரே, அந்த லேசர் ரேடியல் வகைதானே கேட்கிறீர்கள். அதில் பாய்மரத்தைப் பிடிக்கும் பக்கக் கம்பிகள் கிடையாது. பாய்மரம் ஒரு குழியில் நின்று பூமோடு சேர்ந்து சுழலும். வாங் மாட்டும் தகடு பாய்மரத்தின் அடிப்பகுதியிலேயே இருப்பதால் அதுவும் கூடவே சுழன்று, எப்போதும் பூமுக்கு நேர் கீழே நிற்கும். இதுபோன்ற படகில் தளத்தில் கொக்கி அடிக்கும் யோசனையே வரக் கூடாது.

நீங்களாகச் செய்த சுழலும் பாய்மரமானால் தகடு பூமின் கோட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சற்றுத் திருகியிருந்தாலும் வாங் பாய்மரத்தைத் தானாகத் திருப்பப் பார்க்கும்.

வாங்கை எப்ப இறுக்கணும், எப்ப விடணும்?

பாய் ஏற்றும்போதும் இறக்கும்போதும் முழுதாகத் தளர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றும் கயிறு பாதியிலேயே இறுகிவிடும். ஓடத் தொடங்கியதும், பாயின் மேல்பக்கத்து பேட்டன் குச்சி (பாயை விறைப்பாக வைக்க அதில் செருகும் குச்சி) பூமுக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும்வரை இறுக்குங்கள். பின்காற்றில் குச்சி பூமைவிடச் சற்றே வெளியே திறந்திருந்தால் நல்லது. படகு ஆட ஆரம்பித்தால் கொஞ்சம் இறுக்குங்கள்.

பக்கக் காற்றில் வலுவான வீச்சு வந்தால் முதலில் தாமான், அடுத்து வாங், இரண்டையும் விடுங்கள். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கரையிலும் வீசுகிறது. அது ஒரே சீராக வராது, அடித்து அடித்து வரும். படகு சாயும்போது வாங் இறுகியிருந்தால் பூமின் முனை தண்ணீரில் தோயும். தோய்ந்த பூமைத் தண்ணீர் பின்னுக்கு இழுக்கும், பாயைத் திறந்துவிட முடியாது, படகு கவிழும் அல்லது பூம் முறியும். வாங்கைத் தளர்த்தினால் பூம் எழும்பும், பாயின் மேல்பாதி திறந்து காற்றைக் கொட்டிவிடும். முன்பு கேடு என்று சொன்ன அதே முறுக்கு, இந்த ஒரு நேரத்தில் உங்களைக் காப்பாற்றும். கிளீட்டிலிருந்து ஒரே உதறலில் கயிறு விடுபட வேண்டும் என்று சொல்வது இதற்குத்தான்.

வாங்கை நல்லா இறுக்கினா பாய்மரம் கீழ்ப்பக்கம் முன்னால வளையுது. ஒடஞ்சிருமோ?

கவனித்துப் பார்த்திருக்கிறீர்கள். 45 பாகையில் 190 கிலோ இழுத்தால் பூம் முன்னோக்கி ஏறக்குறைய 135 கிலோவோடு கீலைக் குத்தும். அடியில் வாங் அதே அளவு பின்னால் இழுக்கும். நடுவில் பாய்மரம் வளையத்தான் செய்யும். அளவான வளைவு நல்லது. பாயின் கீழ்ப்பகுதி தட்டையாகும், காற்று கூடும்போது அதுதான் வேண்டும். பந்தயம் ஓட்டுபவர்கள் இதற்காகவே இறுக்குவார்கள்.

கையால் தொடும்போதே வளைவு தெரிகிறது என்றால் அளவு மீறிவிட்டது. கீலின் ரிவெட்டுகளையும் சோதித்துப் பாருங்கள். வாங்கைப் பலப்படுத்திவிட்டு கீலை மறந்தால் அடுத்து உடைவது கீல்தான்.

வலைக்கடையில கெடைக்கிற நைலான் கயிறு போதுமா?

நங்கூரத்துக்கு அது அருமையான கயிறு, ஏனென்றால் அது நீளும். அதே காரணத்தால் வாங்குக்கு ஆகாது. இறுக்கி வைத்தாலும் காற்று வந்ததும் நீண்டு கொடுத்துவிடும். பாலியெஸ்டர் 6 அல்லது 8 மி.மீ. போதும், கைக்கும் பிடிப்பாக இருக்கும். கப்பியிலிருந்து பூமுக்குப் போகும் ஒற்றைத் துண்டுக்கு மட்டும் 4 அல்லது 5 மி.மீ. டைனீமா போடலாம். டைனீமா வழுக்கும் கயிறு, சாதாரண முடிச்சு உருவிக்கொள்ளும். கண் பின்னி மாட்டுவதே நல்லது.

என் பாய்மரத்துல பின்பக்கம் அடிவரைக்கும் பாய் ஓடுற காடி இருக்கு. தகட்டை எங்க வைக்க?

காடிக்குள் ரிவெட் அடிக்கக் கூடாது, பாய் ஏறாது. காடியின் இரு உதடுகளும் மெல்லியவை, அவற்றிலும் அடிக்காதீர்கள். காடியைத் தாண்டிப் பாய்மரத்தின் இரு பக்கமும் வந்து உட்காரும்படி கவட்டை வடிவத்தில் தகட்டை வளைத்து, பக்கங்களில் மூன்று மூன்றாக ரிவெட் அடியுங்கள். கவட்டையின் நடுவே குறுக்காக ஒரு முள் போட்டால் அதில் சாக்கிள் (கப்பியைக் கோக்கும் இரும்பு வளையம்) மாட்டலாம். ரிவெட் பக்கத்தில் என்பதால் முன்பு சொன்ன வெட்டு விசை விதிக்கும் இது பொருந்தும். இந்த வடிவத்தைத்தான் நான் இப்போது காடி இல்லாத பாய்மரத்துக்கும் போடுகிறேன்.

ரெண்டு தடவ தகடு பிடுங்கிட்டு வந்துட்டு. துளை பெருசாயிட்டு. இனி 6.4 ரிவெட் போட்டா நிக்குமா?

அதே இடத்தில் பெரிய ரிவெட் போட்டால் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு மூன்றாவது தடவையும் வரும். பிடுங்கியதற்குக் காரணம் ரிவெட்டின் அளவா என்று முதலில் பாருங்கள். கீலிலிருந்து தகடுவரை உயரத்தை அளந்து, பூமில் கட்டிய தூரத்தையும் குறித்துக்கொண்டு மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். என்னிடம் இப்படி வந்த ஒரு படகில் தகடு கீலுக்கு 30 செ.மீ. கீழேதான் இருந்தது. அடியில் கிளீட் ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் யாரோ அதற்கு மேலே வைத்திருக்கிறார்கள். கிளீட்டைப் பக்கத்துக்கு மாற்றி, கவட்டைத் தகட்டைக் கீலுக்கு 55 செ.மீ. கீழே இருக்கும்படி இறக்கினோம். அதே 4.8 ரிவெட்தான்.

பழைய துளைகளை அப்படியே விடாதீர்கள். விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை வெளிப்புறமாக மூடும்படி 2 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்து, விரிசலைத் தாண்டி நான்கு விரல் அகலம் மேலும் கீழும் போகும்படி ரிவெட் செய்யுங்கள். விரிசல் இல்லையென்றால் பழைய துளைகளில் பசை தடவி ரிவெட் அடித்து அடைத்துவிட்டு, புதிய தகட்டை அவற்றிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி வையுங்கள். சந்தேகமாக இருந்தால் பாய்மரத்தைக் கழற்றி வண்டியில் போட்டு எடுத்து வாருங்கள், ஆனால் பூமையும் கூடவே கொண்டுவாருங்கள். பூம் இல்லாமல் தகட்டுக்கு இடம் சொல்ல முடியாது.